மூணு போட்டுக்குங்க

ஆஸ்பத்திரியில இருந்து ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து சொந்தபந்தம், ஒறம்பரைகன்னு வந்துட்டே இருக்காங்க. கையில ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு சீப்பு நேந்திரம். சேர்ல உக்காந்ததும் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "ஏனுங் சரசு, என்னதான் ஆச்சுங்க உங்களுக்கு?" சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. அதுலயும் நான் பாதி சொல்றதுக்குள்ள "எங்க சின்ன மாமனாருக்கும் இப்படித்தானுங்க"ன்னு அவங்க கதையை ஆரம்பிச்சுடறாங்க. அதனால ஒரேயடியா எழுதி வெச்சுடறேன். வேணுங்கறவங்க படிச்சுக்கலாம், ஆப்பிளை டேபிள் மேல வெச்சுட்டுப் போலாம்.

இது என் இடது காலைப் பத்தின கதை. அது மறுபடியும் நடக்குமா நடக்காதாங்கறதுதான் இத்தனை மாசமா எங்க ஊட்டுல கேள்வி. மத்ததெல்லாம் அதைச் சுத்தி நடந்த கூத்து.

நான் கருமத்தம்பட்டிக்கு அக்கட்டால ஒரு நூல் மில்லுல, தரம் பாக்கற லேப்ல வேலை செய்யறேன். படிச்சது புள்ளியியல். லாட்டு லாட்டாக் கோன், அதாவது கூம்புல சுத்துன நூலு, வரும். அதுல சிலதை எடுத்துப் பலம் பாத்து, அனுப்பலாமா நிறுத்தலாமான்னு கையெழுத்துப் போடறது என் வேலை. இதை எதுக்குச் சொல்றேன்னா, எனக்கு வந்த சீக்கும் என் வேலையும் ஒரே விசயத்துல வந்து முட்டிக்கிச்சு. அதைச் சொல்லாம இந்தக் கதை வெளங்காது.

முதல்ல வந்தது முதுகுவலி. நடு முதுகுல, கை எட்டாத இடத்துல. குனிஞ்சு நிமிந்தா உசுரு போய் உசுரு வரும். தைலம் தேச்சாச்சு, ஒத்தடம் குடுத்தாச்சு, கட்டிலை விட்டுட்டுத் தரையில படுத்தும் பாத்தாச்சு. குறையற வழியைக் காணோம். சரின்னு எங்க ஊட்டுக்காரர் என்னை அவினாசி ரோட்டு மேல இருக்கற ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு.

அங்க டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னாடி ஒரு நர்ஸ் புள்ளை உக்கார வெச்சுக் கேக்கும். செவுத்துல வரிசையா மூஞ்சிப் படம் ஒட்டியிருக்கும். சிரிக்கற மூஞ்சியில ஆரம்பிச்சு அழுவற மூஞ்சியில முடியும். "வலி பத்துக்கு எத்தனைங்கக்கா?"ன்னு அந்தப் புள்ளை கேட்டுது. அன்னைக்கு நான் வண்டியில இருந்து இறங்கறப்பவே பல்லைக் கடிச்சுட்டுத்தான் இறங்குனேன். நியாயமாப் பாத்தா எட்டுன்னு சொல்லோணும். நான் சொன்னது, "மூணு போட்டுக்குங்க கண்ணு."

எங்க பக்கத்துப் பழக்கம் தெரியாதவங்களுக்கு இது புரியாது. நாங்க எதையும் முழுசாச் சொல்லி எதுத்தாப்ல இருக்கறவங்களைச் சங்கடப்படுத்த மாட்டோம். பசி காதை அடைச்சாலும், சாப்பிடறீங்களான்னா "இப்பத்தானுங்க ஆச்சு"ம்போம். வலி எட்டுன்னு சொன்னா அந்தச் சின்னப் புள்ளை மொகம் வாடிப் போகும். டாக்டருக்கு உத்தரவு போட்டாப்ல ஆயிரும். மூணுன்னா மரியாதையா இருக்கும். எனக்கு முன்னாடி உக்காந்திருந்த பெரியவரு இடுப்பைப் புடிச்சுக்கிட்டு ரண்டுன்னு சொல்லிப்போட்டுப் போனாரு. அதுக்கு நான் பரவாயில்லை.

டாக்டர் தங்கமான பேச்சுங்க. எலும்பு டாக்டர், எங்க வயசுதான் இருக்கும். "எங்கீங்கம்மா வலிக்குது?"ன்னாரு. "லேசாத்தானுங்க டாக்டர்"ன்னேன். எக்ஸ்ரே எடுத்தாங்க. கம்ப்யூட்டர்ல போட்டு ஒரு பார்வை பாத்தாரு. "ஒண்ணுமில்லீங்கம்மா. வயசாகுதல்லங்க? பெல்ட் போடுங்க, மாத்திரை தாரேன்"னாரு. எங்க ஊட்டுக்காரருக்கு மொகமெல்லாம் பல்லு. வெளிய வந்ததும் நேராப் பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போய் டீயும் தேங்கா பன்னும் வாங்கித் தந்தாரு. நல்ல சேதின்னாலும் பேக்கரி, கெட்ட சேதின்னாலும் பேக்கரி, அதுதான் எங்க கோயமுத்தூரு.

இந்த எடத்துல லேப்பைப் பத்திச் சித்தெ சொல்லிப்போடறேன்.

ஒரு லாட்டை டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி நாங்க மனசுல ஒண்ணை நிறுத்திக்குவோம். 'இந்த லாட்டுல கோளாறு இல்லை.' புஸ்தகத்துல இதுக்கு இன்மைக் கருதுகோள்னு பேரு. இல்லைங்கறதுல இருந்து ஆரம்பிக்கறது, அவ்வளவுதான். கோளாறு இருக்குன்னு சொல்றவங்கதான் சாட்சி கொண்டாரோணும். எடுத்துப் பாத்த கோன்ல போதுமான சாட்சி கெடைச்சா 'இல்லை'ங்கறதைத் தூக்கிப் போட்டுடுவோம். கெடைக்கலைன்னா? அங்கதான் காலேஜ் முடிச்சுட்டுப் புதுசா வர்ற புள்ளைக அத்தனையும் தப்புப் பண்ணும். "மேடம், லாட்டு சுத்தமுங்க"ன்னு எழுதிட்டு வரும். நான் கத்துவேன். "சுத்தம்னு உனக்கு யாரு சொன்னது? கோளாறுன்னு காட்டறதுக்குச் சாட்சி பத்தலைன்னு எழுது. நீ பாத்தது நாலு கோனு. பாக்காத கோனு மூட்டை மூட்டையாக் கெடக்குது."

தப்பும் இதுல ரண்டு வகை. நல்ல லாட்டைக் கெட்டதுன்னு நிறுத்திப்போட்டா முதல் வகைப் பிழை. கெட்ட லாட்டை நல்லதுன்னு அனுப்பிப்போட்டா ரண்டாம் வகைப் பிழை. முதல் தப்புல நட்டம் மில்லுக்கு. ரண்டாவதுல நட்டம் அந்த நூலை வாங்கித் தறியில போடறவனுக்கு. மில்லு மொதலாளி ராத்திரி தூக்கம் வராமப் பொரண்டது முதல் தப்பை நெனச்சுத்தான், ரண்டாவதை நெனச்சு அவரு பொரண்டதை நான் பாத்ததில்லை. ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான்னு எனக்குப் பொறவுதான் தெரிஞ்சுது.

பெல்ட்டைப் போட்டேன், மாத்திரையைத் தின்னேன். வலி நகரலை. வெயில் சாஞ்சு பொழுதோட ஆனா ஒடம்பு கதகதன்னு காயும், விடிஞ்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. எங்க ஊட்டுக்காரரோட அக்கா, நான் நங்கையான்னு கூப்பிடறவங்க, ஒரு கண்ணாலத்துல என்னைப் பாத்துட்டு, "அட சரசு, இளைச்சு எப்படி ஆயிட்டே! என்ன சாப்பிடறே, எனக்கும் சொல்லு"ன்னாங்க. சீக்கு என்னைத் தின்னுக்கிட்டு இருக்குது, நங்கையா ரெசிப்பி கேட்டாங்க.

மறுபடியும் அதே டாக்டர். இந்தத் தடவை ரத்தம் எடுத்தாங்க. ஈ.எஸ்.ஆர்.னு ஒரு சோதனை இருக்குது. குழாய்க்குள்ள ரத்தம் எவ்வளவு வேகமா அடியில படியுதுன்னு பாப்பாங்க. ஒடம்புல எங்கியோ புகைஞ்சுக்கிட்டு இருந்தா அது எச்சா வரும். எனக்கு எக்கச்சக்கமா வந்துச்சு.

"மில்லுல வேலைங்களா? பஞ்சுத் தூசிங்கம்மா, அப்படித்தான் இருக்கும்."

"பொழுதோட காச்சல் வருதுங்க."

"இந்த வயசுல ஒடம்பு அனலடிக்கறது சகஜமுங்க. லேடீஸுக்கு மாத்தம் வர்ற நேரமல்லங்க?"

"எடையும் கொறைஞ்சு போச்சுங்க."

"டென்சன். புள்ளைக்கு வரன் பாக்கறோம்னு சொன்னீங்கல்ல?"

ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதில் வெச்சிருந்தாரு. தனித்தனியாக் கேட்டா எல்லாம் சரிதான். தூசியில ரத்தச் சோதனை அப்படி வரலாம். வயசுல அனலடிக்கலாம். ஆனா லேப்ல நாங்க கேக்கற கேள்வி வேற. ஒண்ணுமே இல்லைன்னே வெச்சுக்குவோம். அப்படி ஒண்ணுமே இல்லாத ஒருத்திக்கு வலி, காச்சல், இளைப்பு, ரத்தத்துல புகைச்சல், இது அத்தனையும் ஒட்டுக்கா, இல்லாட்டி இதைவிட மோசமா, தற்செயலா வர்றதுக்கு எத்தனை வாய்ப்பு? பி-மதிப்புன்னு சொல்றாங்களே, அது இந்த வாய்ப்புதான். அது ரொம்பக் கம்மியா இருந்தா 'ஒண்ணுமில்லை'ங்கறதைக் கைவிடோணும். எத்தனை கம்மின்னா கைவிடறதுன்னு பாக்கறதுக்கு முன்னாடியே கோடு போட்டு வெச்சிருக்கோணும். ரிசல்ட்டு வந்த பொறவு கோட்டை நகத்தக்கூடாது. இவரு நான் ஒண்ணொண்ணு சொல்லச் சொல்லக் கோட்டைத் தள்ளித் தள்ளி வெச்சாரு. சிரிச்ச மொகத்தோட.

"ஏனுங் டாக்டர், ஸ்கேன் ஒண்ணு எடுத்துரலாங்களா?"ன்னு கேட்டேன்.

"எதுக்குங்கம்மா வீண் செலவு? வலி எத்தனை போட்டிருக்காங்க... மூணுதானுங்களே. இதுக்கெல்லாம் ஸ்கேன் எடுத்தா இல்லாத சீக்கெல்லாம் தெரியுங்க."

அவரு சொன்னது பொய்யில்லை. தேவையில்லாம எடுத்த ஸ்கேன்ல எதையோ பாத்துப் பயந்து முதுகைக் கிழிச்சுக்கிட்டவங்களும் இருக்காங்க. அதுவும் முதல் வகைப் பிழைதான். ஆனா அவரு எனக்கு ஒண்ணுமில்லைன்னு முடிவு கட்டுனது எக்ஸ்ரேயை வெச்சு. எலும்பு நல்லாக் கரைஞ்ச பொறவுதான் எக்ஸ்ரேயில தெரியும்னு அப்புறமாச் சொன்னாங்க. கோளாறு இருக்கறப்ப அதைக் கண்டுபுடிக்கற தெம்பு ஒரு சோதனைக்கு எத்தனை இருக்குதுன்னு கேக்கோணும். தெம்பில்லாத சோதனை 'இல்லை'ன்னு சொன்னா அதுக்கு ஒரு மதிப்பும் கெடையாது. ஒரே ஒரு கோனைப் பாத்துட்டு லாரிக்குச் சீல் வெக்கற மாதிரி. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது இப்ப நெனச்சாலும்.

அப்புறம் ஒரு நாள் மில்லுல, லேப்புக்கும் நூல் சுத்தற வைண்டிங் டிபார்ட்மெண்டுக்கும் நடுவுல நடந்து போய்ட்டிருந்தேன். பின்னாடி இருந்து ஒரு பொண்ணு ஓடிவந்தா. "அக்கா, உங்க செருப்புங்க." குனிஞ்சு பாத்தேன். இடது காலுல செருப்பு இல்லை. எங்க கழண்டுச்சு, எப்பக் கழண்டுச்சு, எனக்குத் தெரியவே இல்லை. வெறுங்காலுல சிமெண்டுத் தரையில அத்தனை தூரம் நடந்து வந்திருக்கேன், தரை சுடுதா சில்லுன்னு இருக்குதான்னு கூடத் தெரியலை. அந்தப் பொண்ணு செருப்பைக் கீழ வெச்சா. எனக்கு அதுக்குள்ள காலை நுழைக்கத் தெரியலை. அங்கியே உக்காந்து அழுதுபோட்டேன்.

இந்தத் தடவை டவுனுக்குள்ள பெரிய ஆஸ்பத்திரி. அங்க நேரா எம்.ஆர்.ஐ. படுக்க வெச்சு ஒரு குழாய்க்குள்ள தள்ளுவாங்க, காந்தத்தை வெச்சு ஒடம்புக்குள்ள படம் புடிக்கும். சத்தம் பயங்கரமா இருக்கும்னு பயமுறுத்துனாங்க. விசைத்தறிக் கொட்டாய்க்குள்ள படுத்த மாதிரி இருந்துச்சு. எனக்குத் தூக்கமே வந்துருச்சு.

அங்க பாத்த டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு, சத்தியமங்கலத்துக்காரி. படத்தை எங்க பக்கம் திருப்பிக் காமிச்சா. "ரண்டு முள்ளெலும்பு அரிச்சுப் போயிருக்குதுங்கம்மா. நடுவுல சீழ் கட்டித் தண்டுவடத்தை அமுக்குது. தண்டுவடம்னா மூளையில இருந்து காலுக்குப் போற நரம்புக் கட்டுங்க. அதுதான் உங்க கால் இப்படி. பாத்தா டிபி மாதிரி இருக்குதுங்க."

"டிபின்னா இருமலுங்களே? இவளுக்கு இருமலே இல்லீங்க"ன்னாரு எங்க ஊட்டுக்காரர்.

"எலும்புலயும் வருமுங்க. ஆனா இன்னும் உறுதி ஆகலை. புத்துநோய் கூட இப்படிக் காட்டும். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கோணும்."

வராந்தாவுக்கு வந்ததும் நங்கையா என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "சரசு, டிபின்னு வெளிய சொல்லிப்போடாதே. கவிதாவுக்கு வரன் பாக்கற நேரம். டிஸ்க்குன்னு சொல்லிக்கலாம். டிஸ்க்குன்னா கௌரவமா இருக்கும்." என் மக கவிதா பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா. "எங்கம்மா கால் போயிட்டிருக்குதுங்க அத்தை. கௌரவத்தை நான் பாத்துக்கறேன்"னா. நங்கையா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போனாங்க. ஆனா பொழுதோட ஒரு தூக்குல அரிசீம்பருப்புச் சோறும் நெய்யும் கொண்டாந்து அவங்கதான் ஊட்டி உட்டாங்க. அதையும் சொல்லோணுமல்ல.

ஊசி போட்டுச் சதை எடுத்தாங்க. ரிப்போர்ட்டு வந்துச்சு. எங்க ஊட்டுக்காரர் படிச்சுட்டுத் துள்ளுனாரு. "அம்மணி, கிருமி ஒண்ணும் இல்லையாமா!" நான் ரிப்போர்ட்டைக் கையில வாங்கிப் பாத்தேன். மறுபடியும் ஒண்ணுமில்லை. இதைத்தான் மொதல்ல இருந்து கேட்டுட்டிருக்கேன், கால் மட்டும் போயிட்டே இருக்குது.

டாக்டர் பொண்ணு வந்துச்சு. "சந்தோசப்படாதீங்க சார். கிருமி கண்ணுல படலைன்னுதான் வந்திருக்குது. இல்லைன்னு வரலீங்க. ஊசி எடுத்தது கடுகத்தனை சதை. கிருமியை வளத்திப் பாக்கற சோதனைக்கு அனுப்பியிருக்குது, அது வர வாரக்கணக்காகும்."

அந்தப் பொண்ணைக் கட்டிப் புடிச்சுக்கலாம்னு இருந்துச்சு. இத்தனை நாளுல ஒருத்தராவது அந்த ரண்டு வார்த்தைக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தைச் சொன்னாங்களே.

"வாரக்கணக்குன்னா அதுக்குள்ள என் கால் என்னாகும் டாக்டர்?"ன்னேன்.

"அதுதானுங்கம்மா பிரச்சினை. ரிசல்ட்டு வரட்டும்னு இருந்தா நரம்பு செத்துப் போகலாம். இப்பவே ஆப்பரேசன் பண்ணிச் சீழை எடுத்துட்டு டிபி மாத்திரையையும் ஆரம்பிக்கலாம். டிபி இல்லைன்னு பொறவு தெரிஞ்சா மாத்திரையை நிறுத்திக்கலாம். அதுக்குள்ள ஈரல் கெடலாம், வேற சீக்குன்னா நாள் வீணாகலாம். ரண்டு பக்கமும் தப்பு நடக்கலாமுங்க."

எங்க ஊட்டுக்காரர், "எது சரின்னு சொல்லுங்க டாக்டர், அதையே செஞ்சுபோடலாம்"னாரு. பாவம் மனுசன், லேத்துப் பட்டறை வெச்சு மில்லிமீட்டர் கணக்குல வேலை பாத்தவரு. சரின்னா சரி, தப்புன்னா தப்பு. எது சரிங்கறது யாருக்கும் தெரியாது, எந்தத் தப்பைத் தாங்க முடியும்னுதான் பாக்க முடியும்னு அவருக்கு நான் எப்படிச் சொல்றது? மாத்திரை சும்மா தின்ன தப்பை நான் தாங்குவேன். கால் போற தப்பைத் தாங்க மாட்டேன். "செஞ்சுருங்க டாக்டர்"னேன். எங்க ஊட்டுக்காரர் செவுத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு.

ஆப்பரேசன் முடிஞ்சு வார்டுக்கு வந்தேன். பக்கத்துக் கட்டில்ல தொண்டாமுத்தூர்க்காரம்மா ஒருத்தரு. வாய்க்கால் மேட்டுல வழுக்கி இடுப்பெலும்பு ஒடைஞ்சு வந்திருந்தாங்க. மொகம் சாம்பல் பூத்துக் கெடக்குது. நர்ஸ் வந்து, "வலி பத்துக்கு எத்தனைங்கம்மா?"ன்னா. அந்தம்மா மெதுவா, "மூணு நாலு இருக்குங்க கண்ணு, நீங்க பாத்துப் போட்டுக்குங்க"ன்னாங்க.

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ அத்தனை ஆங்காரம். முதுகுல தையலோட படுத்துக்கிட்டே கத்துனேன். "ஏனுங், என்ன மூணு? தேங்காயா வாங்கறீங்க? எலும்பு ஒடைஞ்சு கெடக்குது, பத்துன்னு சொல்லுங்க!"

"அந்தப் புள்ளை சங்கடப்படுமேன்னுதானுங்க"ன்னாங்க அந்தம்மா.

"படட்டும்! நீங்க மூணுன்னா மூணுக்குத்தான் மருந்து வரும். அவங்களுக்கு உள்ள போய்ப் பாக்கத் தெரியாது. நாம சொல்றதுதான் சாட்சி. சாட்சியே பொய் சொன்னா என்னத்தக் கண்டுபுடிப்பாங்க?"

நர்ஸ் சிரிச்சுட்டு ஒன்பதுன்னு போட்டா. அந்தம்மா என்கிட்ட அன்னைக்கு முழுக்கப் பேசலை. மரியாதை தெரியாதவன்னு நெனச்சிருப்பாங்க.

ஆப்பரேசனுக்கு முன்னாடியே வலது காலும் மரத்துப் போயிருந்துச்சு, அது சீக்கிரமே வந்துருச்சு. மொதல்ல கட்டை விரல் ஆடுச்சு, அப்புறம் முட்டி மடங்குச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க. இடது கால் அப்படியே கெடந்துச்சு. ஒவ்வொரு நாளும் காலையில பிசியோதெரபிக்காரத் தம்பி வந்து, "தூக்குங்கக்கா, பாதத்தை மேல தூக்குங்க"ம்பான். நான் மண்டையில இருந்து உத்தரவு போடுவேன். போற வழியில எங்கியோ அது தொலைஞ்சு போகும். கவிதா தினமும் அந்தப் பாதத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பா. நகந்துச்சுன்னு சில நாள் பொய் சொல்லுவா. "இல்லை கண்ணு, நகரலை"ம்பேன்.

ஒரு நாள் மத்தியானம் எங்க ஊட்டுக்காரர் நகவெட்டி வாங்கிட்டு வந்து என் கால் நகத்தை வெட்டி உட்டாரு. கண்ணாலமாகி இத்தனை வருசத்துல அந்த மனுசன் என் காலைத் தொட்டதில்லை. வலது காலை முடிச்சுட்டு இடது காலுக்கு வந்தாரு. நான் ஜன்னலைப் பாத்துட்டிருந்தேன். அவரு தோள்துண்டை உருவற சத்தம் கேட்டுது. என்னன்னு திரும்பிப் பாத்தா, சதையோட சேத்து வெட்டிப்போட்டாரு. துண்டெல்லாம் ரத்தம். "வலிக்குதா அம்மணி?"ங்கறாரு. எனக்கு ஒண்ணுமே தெரியலை. "வலிக்குதுன்னு சொல்லு, அம்மணி. ஒரு தடவை சொல்லு"ன்னு என் பாதத்தைப் புடிச்சுக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுவறாரு. நான் அவரு தலையைத் தடவிக் குடுத்தேன். வேற என்ன பண்றது?

பில்லைப் பத்தி எழுத ஆரம்பிச்சா வாயில நல்ல வார்த்தை வராது. பட்டறையில இருந்த லேத்துல ஒண்ணு இப்ப இல்லைங்கறதோட நிறுத்திக்கறேன். டிபி மாத்திரை மட்டும் கவர்மெண்டுல சும்மா தர்றாங்க. அதுக்கு ஒரு கும்பிடு.

வளத்திப் பாத்த சோதனை கடைசியா வந்துச்சு. டிபிதான். டாக்டர் பொண்ணு ஓடிவந்து சொன்னா. அவ முடிவு சரியாப் போச்சு, அந்தப் புள்ளைக்கு அத்தனை சந்தோசம். நானும் சிரிச்சேன். ஆனா சீழு ரொம்ப நாள் அமுக்கிக்கிட்டு இருந்துருச்சு, இடது பாதத்துக்குப் போற நரம்பு இனி எந்திரிக்கறது சந்தேகந்தான்னு அதே வாயால சொல்லிப்போட்டா. இப்ப ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டிக்கிட்டு நடக்கறேன். பாதத்தோட நுனி தரையைத் தேச்சுக்கிட்டே வரும். லேப்புக்குப் போறேன், வாரேன். படியேறறதுன்னா யாராவது வேணும்.

நடக்க ஆரம்பிச்ச பொறவு, அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனேன். எங்க ஊட்டுக்காரர், "எதுக்கு அம்மணி? போனது போச்சு, உடு"ன்னாரு. சண்டை போடறதுக்கு இல்லீங்க, ஒரே ஒரு கேள்விதான்னேன். அவரை வெளிய உக்கார வெச்சுட்டு நான் மட்டும் உள்ள போனேன்.

டாக்டர் எந்திரிச்சு நின்னாரு. "வாங்கம்மா, வாங்க. கேள்விப்பட்டனுங்க. மனசுக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு." மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறேனான்னு விசாரிச்சாரு. காப்பி சொல்லட்டுங்களான்னாரு.

"ஒண்ணு கேக்கோணுங்க டாக்டர். நான் ரண்டாவது தடவை வந்தப்ப ஸ்கேன் எடுத்திருந்தா இந்தக் கால் நல்லா இருந்திருக்குமுங்களா?"

அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "அம்மா, அப்படி உறுதியாச் சொல்லறதுக்கு ஆதாரம் ஏதும் இல்லீங்க. சீக்கிரமே கண்டுபுடிச்சும் கால் வராதவங்க இருக்காங்க. லேட்டாக் கண்டுபுடிச்சும் ஓடறவங்க இருக்காங்க. லேட்டானதாலதான் போச்சுன்னு யாராலயும் காட்ட முடியாதுங்க."

அவரு சொன்னது உண்மை. நான் ஒருத்தி, எனக்கு ஒரு இடது காலு. அன்னைக்கே ஸ்கேன் எடுத்த இன்னொரு சரசு எங்கியாவது இருந்தா ரண்டு பேரையும் நிக்க வெச்சுப் பாக்கலாம். அவ இல்லை. ஒரே ஒரு காலை வெச்சுக்கிட்டு எந்தக் கருதுகோளையும் தூக்கிப் போட முடியாது. 'டாக்டர் மேல தப்பில்லை'ங்கறதுல இருந்து ஆரம்பிச்சா நான்தான் சாட்சி கொண்டாரோணும், என்கிட்ட இருக்கறது இந்தப் பட்டை மாட்டுன காலு மட்டுந்தான். இத்தனை வருசம் லேப்ல உக்காந்து, சாட்சி இல்லாம ஒரு வார்த்தை எழுதக்கூடாதுன்னு புள்ளைகளைத் திட்டித் திட்டி வளத்தவ நானு.

சேரைப் புடிச்சு எந்திரிச்சேன்.

"என்ற காலு உன்னாலதான் போச்சு"ன்னேன்.

ங்க போடலை. டாக்டர்னு கூடச் சொல்லலை. என் வாயில இருந்து அப்படி ஒரு பேச்சு யாருக்கும் வந்ததில்லை. அவரு மொகம் செவந்து போச்சு. "அம்மா, நான்தான் சொன்னனுங்களே, அதுக்கு ஆதாரம்..."

"ஆதாரம் இல்லை. எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்றேன். உன்னாலதான்."

சொல்லிப்போட்டு வெடுக்குன்னு திரும்புனேன். அங்க கதவுகிட்ட ஒரு மிதியடி கெடந்துச்சு. என் இடது பாதத்தோட நுனி அதோட ஓரத்துல மாட்டிக்கிச்சு. மாட்டுனது எனக்குத் தெரியலை, தரை மேல வர்றதுதான் தெரிஞ்சுது. அவரு மேசையைச் சுத்திக்கிட்டு ஓடிவந்து ரண்டு கையாலயும் என்னைப் புடிச்சாரு. "பாத்துங்கம்மா, பாத்துங்கம்மா"ங்கறாரு. உதறிப்போட்டு என் பாட்டுக்கு வெளிய நடந்து போயிரோணும்னு மனசு பறந்துச்சு. ஆனா அவரு சட்டையை நான் இறுக்கிப் புடிச்சிருந்தேன், எங்க ஊட்டுக்காரர் வர்ற வரைக்கும் விடலை. விட்டிருந்தா விழுந்திருப்பேன்.